கினி பிக்குக்கு ஓயாத மூச்சிரைப்பு: வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு கினி பிக்கின் பெயர் பொட்டு. ஒரு வயதில் அவளுக்கு நிமோனியா வந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அதற்கப்புறம் நான்கு ஆண்டுகள், கோடை, மழைக்காலம், தீபாவளி, போகி என்று ஒவ்வொன்றையும் அவள் மூச்சை எண்ணிக்கொண்டேதான் கடந்தோம். அந்த நாட்களில் நான் மருத்துவரிடம் கேட்டவையும், கினி பிக் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. நான் கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் மருந்து அளவு எதையும் இங்கே எழுதவில்லை.

எப்போதாவது தும்முகிறது. பயப்பட வேண்டுமா?

காய்ந்த புல்லைக் கிளறும்போது இரண்டு தும்மல் வந்தால் அது தூசித் தும்மல். விட்டுவிடலாம். கண்ணிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஒரு நீர் வந்து, அதை முன்னங்கால்களால் எடுத்து முகத்தில் தேய்த்துக்கொள்கிறதா? அதுவும் நோய் இல்லை. முகம் கழுவ அவற்றுக்கு இயற்கை கொடுத்த சோப்பு. இதைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு நான் மருத்துவரை எழுப்பியிருக்கிறேன்.

கவலைப்பட வேண்டியவை வேறு. மூக்கைச் சுற்றி ஈரம் அல்லது காய்ந்த பொருக்கு, கண் ஓரத்தில் பிசுபிசுப்பு. முன்னங்காலின் உள்பக்க முடி ஒட்டிப்போயிருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூச்சில் கிளிக், விசில், கரகரப்பு என ஏதாவது சத்தம். முடி சிலிர்த்து, உடம்பைக் குறுக்கி மூலையில் உட்கார்ந்திருத்தல். குடைமிளகாய் நறுக்கும் சத்தம் கேட்டும் கத்தாமல் இருத்தல். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

சளிதானே? நான்கு நாளில் தானாகப் போய்விடாதா?

மனிதருக்குப் போகும். இவற்றுக்கு அப்படி விட முடியாது. கினி பிக் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும் பிராணி. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொள்கிறோம், அது அப்படிச் செய்ய நேர்ந்தாலே உயிருக்குப் போராடுகிறது என்று அர்த்தம். உடம்பில் பெரும்பகுதி வயிறு, நெஞ்சுக்கூடு சின்னது. அதனால் நுரையீரலில் கொஞ்சம் இடம் போனாலும் இழப்பு பெரிது. போதாததற்கு, பிறருக்கு இரையாகும் பிராணி என்பதால் நோயை மறைக்கத் தெரிந்த இனம். நமக்குத் தெரியும்படி சோர்ந்துவிட்டது என்றால் பல நாளாகவே உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

வாயைத் திறந்து மூச்சு விட்டால். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளிழுத்துத் தலை ஆடினால். உதடோ ஈறோ நீலம் பாய்ந்தால். அரை நாளாக எதுவும் சாப்பிடாமல் இருந்தால். காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். தூக்கும்போது மல்லாக்கப் பிடிக்காதீர்கள். வயிற்றின் கனம் நெஞ்சை அழுத்தி மிச்ச மூச்சையும் வாங்கிவிடும்.

மூச்சை எப்படி எண்ணுவது?

தூங்கும்போது அல்லது அசையாமல் படுத்திருக்கும்போது, தொடாமல், விலாப் பக்கத்தை போனில் 15 விநாடி படம் எடுங்கள். பிறகு நிதானமாகப் பார்த்து, ஏறி இறங்குவதை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 40 முதல் 100 வரை இயல்பு. இது அகலமான வரம்பு, அதனால் உங்கள் பிராணியின் சொந்தக் கணக்குதான் முக்கியம். பொட்டுவுக்கு நல்ல நாளில் 80 இருக்கும். 95 ஆனால் கூண்டைச் சுற்றி என்ன மாறியது என்று தேடுவேன், 110 தாண்டினால் மருத்துவருக்குப் போன்.

அந்த வீடியோவை அழிக்காதீர்கள். மருத்துவமனை மேசையில் பயத்தில் உறைந்து நிற்கும் கினி பிக்கிடம் வீட்டில் கேட்ட சத்தம் வரவே வராது. சைக்கிள் காரேஜுக்குப் போனதும் கிரீச் சத்தம் நின்றுவிடுவது மாதிரிதான்.

தொற்று எங்கிருந்து வருகிறது? வீட்டில் நாய் இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. போர்டடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா நாய், பூனை, முயல் ஆகியவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் பல நேரம் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். கினி பிக்குக்கு அதுவே உயிரை எடுக்கும் நிமோனியா. முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் போட்டு விற்கும் கடைகளை நம்மூரில் நிறையப் பார்க்கலாம். வாங்கிவந்து பத்து நாளில் மூச்சிரைப்பு தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு முக்கியக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே நம் மூக்கிலும் இருக்கக்கூடியது. வீட்டில் யாருக்காவது சளி, இருமல் என்றால், அது போகும்வரை கொஞ்சல் வேண்டாம். தீனி வைக்குமுன் கையைக் கழுவுங்கள்.

புதிதாக ஒன்று வாங்கினால் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள். ஹாலின் இன்னொரு மூலையில் வைப்பது தனிமை ஆகாது.

மருந்து முடிந்ததும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். 'மறுபடி சளி' என்று அதே மருந்தையே நான்காம் முறை வாங்குவதற்கு முன்னால் சில விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, உண்மையிலேயே முடித்தீர்களா? நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் பல வாரம் ஓடும். ஐந்தாம் நாள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. மூன்று வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பிவந்தது.

அடுத்து, கிருமி போனபிறகும் தழும்பு நிற்கலாம். பொட்டுவின் கதை இதுதான். எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்தே இருந்தது, கடைசிவரை அது மாறவில்லை. இப்படிப்பட்ட பிராணிக்கு மூச்சில் லேசான சத்தம் எப்போதும் இருக்கும். சத்தம் இருக்கிறது என்பதற்காகவே ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. கூடுகிறதா, கூடவில்லையா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் எண்ணிக்கையும் எடையும்.

மூன்றாவது, நுரையீரலே காரணமாக இல்லாமல் இருக்கலாம். மூன்று நான்கு வயதைத் தாண்டிய கினி பிக்குகளுக்கு இதயம் பெருத்துப் பலவீனமாவது உண்டு. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கும். சில நேரம் ஆந்தை மெல்ல முனகுவது போல ஒரு சத்தம் வரும். இதற்கு ஆன்டிபயாடிக் எத்தனை பாட்டில் கொடுத்தாலும் பயனில்லை. நீர் பிரிய ஃபுரோசிமைடு, இதயத்துக்கு பிமோபென்டான் என்று மருந்தே வேறு. எக்ஸ்ரேயும் முடிந்தால் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுக்காமல் இதைப் பிரித்தறிய முடியாது. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நீண்டு மூக்குப் பக்கம் அழுத்தினால் ஒரு கண், ஒரு மூக்குத் துளை மட்டும் ஒழுகும். புல்விதை ஒன்று மூக்கில் போய்ச் சிக்கினாலும் ஒரு பக்கம்தான் ஒழுகும். ஆக, ஒற்றைப் பக்க ஒழுக்கு என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது பெரிய துப்பு. வயதானவற்றுக்கு நுரையீரலில் கட்டி வருவதும் உண்டு.

கடைசியாக, காற்று. எல்லாம் சரியாகச் செய்தும் கூண்டுக்குள் கெட்ட காற்று இருந்தால் மருந்தும் காற்றும் இழுபறி நடத்திக்கொண்டிருக்கும்.

அப்படியானால் கூண்டில் என்ன மாற்ற வேண்டும்?

மரத்தூளை எடுத்துவிடுங்கள். மர அறுவை மில்லிலிருந்து மூட்டை கட்டி வாங்கும் தூள் மலிவு என்பது உண்மைதான். அதன் பொடி நேரே மூக்குக்குள் போகிறது. தேவதாரு, பைன் போன்ற வாசனை மரங்களின் எண்ணெய் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும், மில் தூளில் எந்த மரம் கலந்திருக்கிறது என்று மில்காரருக்கே தெரியாது. நான் முதல் வருடம் முழுவதும் அதைத்தான் போட்டேன். பொட்டுவின் நிமோனியாவில் அதற்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது அடியில் பழைய டவல், மேலே ஃப்ளீஸ் துணி. சிறுநீர் கீழே இறங்கிவிடும், மேல்துணி காய்ந்தே இருக்கும். காகிதத்தில் செய்த விரிப்பும் நல்லதுதான்.

சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா இன்னொரு எதிரி. கூண்டைத் திறக்கும்போது உங்கள் மூக்கில் ஏறுகிறது என்றால், அதிலேயே மூக்கை வைத்துப் படுத்திருக்கும் பிராணிக்கு எப்படி இருக்கும்? மூத்திர மூலையைத் தினமும் மாற்ற வேண்டும், முழுச் சுத்தம் வாரம் ஒருமுறையாவது. மீன் தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டியில் காற்று நகராது, அது கினி பிக்குக்கு வீடு இல்லை. பினாயில் போட்டுத் தரை துடைக்கும் நாளில் கூண்டை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, தரை காய்ந்து வாடை போனபிறகு கொண்டுவாருங்கள்.

காய்ந்த புல்லை மொட்டைமாடியில் நன்றாக உதறி, பிறகு வையுங்கள். பூஞ்சணம் பிடித்த கட்டு என்றால் விலை போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பையைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

சாம்பிராணி, ஊதுபத்தி?

இதில்தான் வீட்டில் சண்டை வரும். என் மாமியார் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் இருந்ததில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பூஜை அறைக் கதவு சாத்தியிருக்கும், பொட்டு கடைசி அறையில் இருப்பாள், அரை மணி கழித்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு அப்புறம்தான் அவளைக் கொண்டுவருவோம். அத்தை இரண்டு வாரத்தில், "புள்ளைய எடுத்துட்டுப் போ, புகை போடணும்" என்று தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம். கூண்டின் மேல் கொசுவலை போட்டுக் கட்டிவிடுங்கள், வலையின் ஓரம் அது கடிக்க எட்டாமல் இருக்கட்டும். சிகரெட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மிளகாய் தாளிக்கும் நெடியில் நமக்கே இருமல் வருகிறது, ஆகவே சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு வைக்காதீர்கள்.

தீபாவளிக்கும் போகிக்கும் வெளிப்புகையை நாம் நிறுத்த முடியாது. போகி விடியற்காலையில் சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து தரையோடு படுத்திருக்கும். முந்தைய இரவே தெருவுக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றி, ஜன்னலை மூடி, கதவிடுக்கில் ஈரத் துணி வைத்துவிடுவேன். வெடிச் சத்தத்துக்குப் பதுங்க ஒரு அட்டைப்பெட்டியும் கை நிறையப் புல்லும் உள்ளே இருக்கும்.

நமது வெயில் தாங்குமா?

தாங்காது. இவற்றின் பூர்விகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 27, 28ஐத் தாண்டினாலே சிரமப்படும். சித்திரை வெயிலில் நல்ல நுரையீரல் உள்ளதே வெப்பத் தாக்கில் சுருண்டுவிடும் என்றால், இரைப்பு உள்ளதன் கதி என்ன? ஏசி இருந்தால் காற்று நேரே படாத இடத்தில் கூண்டு. இல்லையென்றால் தரைத்தளத்தில் குளிர்ச்சியான அறை, படுத்துக்கொள்ள ஒரு மார்பிள் துண்டு, தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைக்கலாம். ஏர்கூலர் அறையை ஈரமாக்கி விரிப்பில் பூஞ்சணம் வளர்க்கும், கடற்கரை ஊர்களில் அதனால் பலனும் குறைவு. உடம்பு சூடாகித் துவண்டு கிடந்தால் காதையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கும் குழந்தையின் ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கலாமா?

கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகள், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அழிந்து, விஷம் கக்கும் கிருமிகள் பெருகி, சில நாளில் வயிற்றுப்போக்கில் இறந்துவிடும். சளிக்காகக் கொடுத்து உயிர் போன கதைகள் கினி பிக் வளர்ப்பவர்களிடையே நிறைய உண்டு. நாய், பூனைக்கே மருந்து எழுதிப் பழகியவரிடம் போனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, "இது கினி பிக்குக்குச் சரிதானே டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா போன்றவைதான் பொதுவாக எழுதுவார்கள். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது எடையைப் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டியது.

விக்ஸ்? ஆவி? துளசிக் கஷாயம்?

பக்கத்து வீட்டு அக்கா மூன்றையும் சொன்னார்கள். மூன்றும் வேண்டாம். விக்ஸை நக்கிவிடும், அந்த நெடியே மூச்சுக்குழாயைச் சுருக்கும். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சுடுகாயமோ வெப்பத் தாக்கோதான் மிஞ்சும். கஷாயத்தை வாயில் ஊற்றினால் பாதி நுரையீரலுக்குள் போகும். கினி பிக்கின் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சட்டென்று இறுகும் தன்மை கொண்டது. ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு விஞ்ஞானிகள் இதைத் தேடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட குழாயில் நெடியைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

நெபுலைசர் வாங்கலாமா?

மருத்துவர் சொன்னால் கட்டாயம் வாங்குங்கள். மருந்தை நுண்துளியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும், குழந்தைகளுக்கு வைக்கும் அதே இயந்திரம்தான். மாஸ்க்கை மூக்கில் அழுத்திப் பிடிக்காதீர்கள், போராடியே மூச்சு வாங்கும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையில் விட்டு, மேலே டவல் போர்த்தி, ஓரத்தில் குழாயைச் செருகி, காற்று போக இடம் விட்டு, 10 முதல் 15 நிமிடம். வெறும் 0.9 சதவீத உப்புநீர் ஸலைனே சளியை இளக்கும். அதற்குள் வேறு மருந்து கலக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். கூடவே பிடித்த கீரை இரண்டு தண்டு வைத்தால் சீக்கிரம் பழகிவிடும். பொட்டு மூன்றாம் வாரத்தில் கூடையைப் பார்த்ததும் தானே ஏறி உட்கார்ந்து கொத்தமல்லிக்குக் காத்திருப்பாள். முடிந்ததும் ஈர முடியைத் துடைத்து, கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள். மருந்துக் கிண்ணத்தையும் குழாயையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால், கிருமியை நீங்களே புகையாக்கி ஊட்டுகிறீர்கள்.

தீனியில் கவனிக்க வேண்டியது?

வைட்டமின் சி. மனிதரைப் போலவே கினி பிக்கின் உடம்பும் இதைத் தயாரிக்காது. குறைந்தால் மூட்டு வலி, ரத்தக்கசிவு எல்லாம் பிறகு, முதலில் சரிவது எதிர்ப்புச் சக்திதான். உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை, நோயில் அதற்கும் மேல். நம்மூரில் இது பெரிய விஷயமே இல்லை. கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, விதை நீக்கிய சின்னத் துண்டு ஒன்று போதும். பழத்தில் சர்க்கரை உண்டு என்பதால் தினப்படிக்குக் குடைமிளகாய் இன்னும் நல்லது. குடிநீரில் கரைக்கும் சொட்டுமருந்து ஒரு நாளுக்குள் வீரியம் இழக்கும், தண்ணீர் ருசி மாறிக் குடிப்பதையே குறைத்துவிடவும் கூடும். பெல்லட்டில் (கடையில் பையில் விற்கும் குச்சித் தீனி) இருப்பதும் பையைத் திறந்து மாதங்கள் போனால் போய்விடும்.

மற்றபடி தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான். டிமோத்தி ஹே என்ற காய்ந்த புல் கிடைக்காவிட்டால் மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல்லைக் கழுவி உலர்த்தி வைக்கலாம்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறது.

மூக்கடைத்தால் வாசனை தெரியாது, மெல்லும்போது மூச்சும் முட்டும். ஆனால் இந்தப் பிராணியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வயிறு ஊதி, ஊதிய வயிறு நெஞ்சை அழுத்தி, மூச்சு இன்னும் மோசமாகும். நோயாளிப் பிராணிகளுக்கான மாவு கிடைத்தால் அது, இல்லையென்றால் ஊறவைத்து மசித்த பெல்லட். 1 மி.லி. சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. மென்று விழுங்கினபிறகே அடுத்தது. மூச்சு வேகமாக இருக்கும்போது ஊட்டாதீர்கள், முதலில் மருத்துவர்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். சாதாரணமாக வாரம் ஒருமுறை, உடம்பு சரியில்லாதபோது தினமும் ஒரே நேரத்தில் எடை. 900 கிராம் உள்ளது 850க்கு வந்தால் கவனிக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது அவசரம். பலமுறை எங்களுக்கு மூச்சுக்கு முன்பே தராசுதான் சொல்லியது.

கூட இருக்கும் இன்னொன்றைப் பிரிக்க வேண்டுமா?

புதுத் தொற்று என்றால் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டும் ஏற்கெனவே ஒரே காற்றைச் சுவாசித்திருக்கும், மற்றதையும் கவனிக்க வேண்டும். பழைய தழும்பு, இதய நோய் என்றால் பிரிக்காதீர்கள். துணை இல்லாமல் இவை சாப்பாட்டைக் குறைத்துவிடும்.

எந்த மருத்துவரிடம் போவது?

முயல், கினி பிக், பறவை பார்க்கிறவர்களிடம். போன் செய்து, 'கினி பிக் பார்ப்பீர்களா' என்று கேட்டபிறகு கிளம்புங்கள். சென்னையில் என்றால் வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள கால்நடைக் கல்லூரியில் விசாரிக்கலாம். நோய் வராத நாளிலேயே அந்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஆஸ்துமா. வளர்க்கலாமா?

அவனுடைய மருத்துவரைக் கேளுங்கள். கினி பிக்கின் முடியும் எச்சிலும் சிறுநீரும், புல் தூசியும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

இப்படியே எத்தனை நாள் இருக்கும்?

ஆரோக்கியமான கினி பிக்கின் ஆயுள் 5 முதல் 8 ஆண்டு. நாள்பட்ட இரைப்போடும் பல ஆண்டுகள் இருக்க முடியும், பொட்டு ஐந்து வயதுவரை இருந்தாள். சாப்பிடுகிறது, துணையோடு சண்டை போடுகிறது, ஃப்ரிட்ஜ் கதவுச் சத்தத்துக்குக் கத்துகிறது என்றால் அது வாழ்கிறது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடி, மருந்துக்கும் அடங்காத நிலை வந்தால், வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். நாங்கள் பேசினோம். ஒரு வாரம் முன்பே பேசியிருக்கலாம் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஊருக்குப் போக வேண்டும். யாரிடம் விடுவது?

பஸ், ரயில் பயணத்தில் கூட்டிப்போவதைவிட வீட்டிலேயே இருக்க, ஒருவர் தினம் இரண்டு வேளை வந்து பார்ப்பது நல்லது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் அவரை வரவழைத்து, மருந்து கொடுப்பதையும் மூச்சு எண்ணுவதையும் உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். கூண்டின் மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: வழக்கமான எடை, வழக்கமான எண்ணிக்கை, மருந்து நேரம், மருத்துவர் எண், 'அமாக்சிசிலின் கூடாது' என்று சிவப்பு மையில் ஒரு வரி. தினமும் காலையில் 15 விநாடி வீடியோ அனுப்பச் சொன்னால் போதும், பொங்கலுக்குப் போன இடத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.